ஒண்டுக்குடித்தனம்

காசிமேட்டில் ஐஸ் கம்பெனி மாடியில்
என் அறை.
கீழே பாரையும் சங்கராவும் குளிரில் கிடக்கின்றன,
மேலே ஒரு சர்வர்.
இரண்டுக்கும் ஒரே மீட்டர்.

பெட்டிக்குள் எட்டுக் குடித்தனம்.
ஆளுக்கொரு விண்டோஸ், ஆளுக்கொரு சி டிரைவ்.
கிராபிக்ஸ் கார்டு மட்டும் இரண்டு.
ஒவ்வொன்றையும் நாலாகக் கூறு போட்டேன்,
வால் துண்டு யாருக்கும் விழாதபடி.
கூரை ஒன்று, குழாய் ஒன்று,
சுவர் வெறும் எழுத்து.
பக்கத்து வீட்டில் ஆள் இருப்பது
ஒருவருக்கும் தெரியாது.
தெரியாமல் வைத்திருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

கோட்டீஸ்வரி, வியாசர்பாடி ஹவுசிங் போர்டு, மூன்றாம் மாடி.
பள்ளியில் கொடுத்த லேப்டாப், இரண்டு கீ கிடையாது.
அதில்தான் கனடாக்காரனுக்குக் கடல் செய்கிறாள்.
நுரை போதாது என்கிறானாம்.
எண்ணெய் படியாத நுரையை
அவள் எங்கே போய்ப் பார்ப்பாள்?
கை அங்கே அசைய
அலை என் காலடியில் எழுகிறது,
அதன் படம் மட்டும் அவளிடம் திரும்புகிறது.
போய்வரப் பதினெட்டு மில்லிசெகண்ட்,
நல்ல நாளில்.
மழை வந்தால் கொருக்குப்பேட்டை கேட்டுதான்.
"இன்னாக்கா, மவுஸ் ஒரு பக்கம் போவுது,
அம்பு பின்னாலயே நொண்டினு வருது."

எர்ணாவூர் தேசிங்கு பல் டாக்டர்களுக்குத் தாடை வரைகிறான்.
ஸெலஸ்டின் பகலில் துறைமுகத்தில் கன்டெய்னர் எண்ணிவிட்டு
ராத்திரியில் யாரோ வாங்கப்போகும் வில்லாவின் சோபாமேல்
வெயில் விழ வைக்கிறான்.
ஆறாம் எண் ஜபருல்லா.
இருபத்துமூன்று நாளாக ஆளைக் காணோம்,
எந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.
மாதக் கடைசிவரை வாடகை கட்டியிருக்கிறார்.

எட்டுத் திரையும் எனக்கு ஒரு கிளிக் தூரம்.
பார்ப்பதில்லை.
ஜன்னல் திறந்த வீட்டைக் கடக்கும்போது
கண்ணைத் தரையில் போட்டுக்கொண்டு நடப்போமே, அப்படி.

வியாழன் இரவு ஒன்று நாற்பதுக்கு
முதல் கார்டின் விசிறி நின்றது.
தொண்டையில் முள் சிக்கிய சத்தம்,
பிறகு அதுவும் இல்லை.
உப்புக் காற்றுக்குப் பில் கிடையாது, வசூல் உண்டு.
நாலு குடித்தனம் நடுத்தெருவில்.
மூவர் தூக்கத்தில், விடிந்ததும் திட்டுவார்கள்.
கோட்டீஸ்வரி மட்டும் போனில்.
ஆறு மணிக்குள் கடலை அனுப்பியாக வேண்டும்.

இன்னொரு கார்டில் மூன்று கூறில் ஆள் இருக்கிறது.
நாலாவது ஜபருல்லாவுடையது.
போன் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப்.
எந்திரத்தை அப்படியே உறங்க வைக்கலாம்,
ஆனால் இந்தப் பதிப்பில்
உறங்கியவை எல்லாம் எழுந்ததில்லை.
சேமிக்காமல் அணைக்க மனசு வரவில்லை.
அதனால் பார்த்தேன்.

நடுத்திரையில் ஒரு சின்னப் பெட்டி
இருபத்துமூன்று நாளாக ஒரே கேள்வி கேட்டபடி:
மாற்றங்களைச் சேமிக்கவா?
அதற்குப் பின்னால் ஒரு அறை.
மேஜை ஒன்று, நாற்காலி ஒன்று.
மேஜைக்கடியில் கண்ணாடி வைத்த கேபினட்,
உள்ளே ஒரு கார்டு.
முழுசு. கூறு போடாதது.
விசிறி இறகுகளைக்கூட ஒவ்வொன்றாகச் செதுக்கியிருந்தார்.
கோப்பின் பெயர் சொந்தம்_07.

ஆம் என்று அழுத்தினேன்.
பிறகு அணைத்தேன்.
அந்த இடத்தில்
கோட்டீஸ்வரியின் கடலைக் கொண்டுவந்து இறக்கினேன்.

நாலு மணிக்குக் கீழே ஐஸ் உடைக்கத் தொடங்கினார்கள்.
விளக்கு மங்கியது, யுபிஎஸ் மூன்று முறை கத்தியது,
அலை நிற்கவில்லை.
ஆறு பன்னிரண்டுக்குப் போய்ச் சேர்ந்தது.
ஆறரைக்குப் பதில்:
நுரை இப்போது கொஞ்சம் அதிகம்.

ஜபருல்லாவுக்கு எழுதினேன்:
உங்கள் எந்திரத்தை அணைத்தேன், வேலை பத்திரம்,
மீதி நாள் வாடகை திருப்பித் தருகிறேன்.
அறையைப் பார்த்ததை எழுதி, அழித்து,
மறுபடி எழுதி அனுப்பினேன்.
ஒற்றை டிக்.

விசிறிக்கு ரிச்சி தெரு போக வேண்டும்.
பத்து மணிக்குத்தான் திறப்பார்கள்.