நான்காவது கால்

வல்பராய்சோவில் எங்கள் குன்றுக்கு
நூற்று அறுபத்திரண்டு படிகள்.
செவ்வாயன்று பாதியில் நின்றுவிட்டாள் மிகா,
பின்னங்கால் ஒன்றைத் தூக்கி,
யாரோ கொடுத்துப்போன பொருளை
எங்கே வைப்பதென்று தெரியாதவள் போல.

முள் இல்லை. வீக்கம் இல்லை.
டாக்டர் இத்துர்ரா மடக்கினார், நீட்டினார்.
அவர் அறையில் மட்டும்
நான்கு காலும் ஒழுங்காக நடந்தன.
எக்ஸ்ரேயில் தீக்குச்சி எலும்புகள்,
முறியாமல், வாய் திறக்காமல்.
"இரண்டு வாரம் தூக்கிக்கொண்டே போங்கள்."

மூன்றரைக் கிலோ.
தொண்ணூறாவது படியில் அது முப்பது.
சன்னலிலிருந்து எர்மீனியா:
"என்னதான் ஆச்சாம்?"
"தெரியலையாம்."

இரவு விரல் விரலாய் அழுத்திப் பார்க்கிறேன்.
இங்கேயா? இங்கேயா?
என் கட்டைவிரலை நக்குகிறாள்,
வலிப்பது எனக்குத்தான் என்று
முடிவு கட்டியவளாய்.

வெளியே மழை பிடிக்கிறது.
நாளை படி வழுக்கும்.