சிவப்பு நூல்

ஓசூர் சிப்காட், ஜனவரி, காலை ஆறே முக்கால்.
குரங்குக் குல்லாயோடு வந்து
குர்ரப்பா ஊதியின் ஸ்விட்சைத் தட்டுகிறார்.

என் வேலையைச் சொன்னால் யாருக்கும் விளங்குவதில்லை.
விமானம் செய்கிறாயா? இல்லை.
இன்ஜினா? அதுவும் இல்லை.
இன்ஜினுக்கு முன்னால் இருக்கும் காலியிடம்.
ப்ரொப்பெல்லருக்குக் கீழே ஒரு வாய்,
கம்ப்ரஸரின் வாசலில் ஒரு முடிவு,
நடுவே வளைந்த ஒரு பொந்து.
அதன் சுவரை மட்டும் வரைகிறேன்.
மிச்சம் காற்று.

இறக்கைகள் முறுக்கிவிட்ட காற்று
ஓட்டமும் கோபமுமாய் உள்ளே வரும்.
நிறுத்தக் கூடாது.
வேகத்தை வாங்கிக்கொண்டு
அழுத்தமாய்த் திருப்பித் தரவேண்டும்,
நோட்டைக் கொடுத்துச் சில்லறை மாற்றுவதுபோல,
கமிஷன் மிகக் குறைவாய்.
அதற்குக் குழலை விரிக்கவேண்டும். எவ்வளவு?
ஏழு டிகிரி என்கிறது பழைய பாடம்,
நேர்க்குழலுக்கு.
என்னுடையது நேரில்லை.
மேலே கியர்பாக்ஸ் சம்மணமிட்டிருக்கிறது,
கீழே ஆயில் கூலர்.
நீளத்தில் நாலு சென்டிமீட்டர் கேட்டேன்.
ஜோஸ்லின் சிரித்துவிட்டு
அடுத்த ஸ்லைடுக்குப் போனாள்.

கணினியில் எல்லாம் நீலமும் பச்சையுமாய்
நல்ல பிள்ளையாக ஓடியது.
அக்ரிலிக்கில் மாதிரி வார்த்து
உள்ளே நூல் ஒட்டலாமென்றால்
ஸ்டோரில் நூலில்லை.
குர்ரப்பா குல்லாயைக் கழற்றி
விளிம்பில் ஓர் இழையை இழுத்தார்.
அது வந்துகொண்டே இருந்தது.

நூற்றுப் பன்னிரண்டு துண்டுகள், சிவப்பு.
ஸ்விட்ச்.
வாயருகே எண்ணெய் வைத்து வாரிய தலைபோலப் படுத்தன.
முதல் வளைவு தாண்டி, உட்சுவரில்,
பதினேழு நூல்கள்
வந்த வழியைத் திரும்பிப் பார்த்தன.

சுவரை ஒட்டிப் போகிற காற்று ஏழை.
மடியில் வேகம் கொஞ்சம்தான்.
எதிரே அழுத்தம் ஏறிக்கொண்டே போனால்
பாதிப் படியில் நின்று திரும்பிவிடும்.
நானோ வளைக்கும் இடத்திலேயே விரித்திருந்தேன்.
ஒரே மூச்சில் இரண்டு வேலை சொன்னால்
யார்தான் செய்வார்கள்?

மூன்று வாரம்.
வளைவில் அகலத்தை அப்படியே பிடித்துவைத்தேன்.
வளைந்து முடித்து அது மூச்சுவிட்ட பிறகு
கொஞ்சம்.
பிறகு இன்னும் கொஞ்சம்.

பிப்ரவரி பதினொன்று.
பதினாறு நூல்கள் படுத்துவிட்டன.
ஒன்று நடுங்கிக்கொண்டே இருந்தது.
பசை சரியில்லை மேடம் என்றார் குர்ரப்பா.
பிய்த்து மறுபடி ஒட்டினோம்.
நடுங்கியது.

அறிக்கையில் அதன் எண்ணையும் இடத்தையும் எழுதினேன்:
எழுபத்து நான்கு, உட்சுவர், இடப்பக்கம்.
ஜோஸ்லின் இரண்டுமுறை படித்தாள்.
"ரெண்டு சென்டிமீட்டர் கேட்டுப் பார்க்கிறேன்.
நாலெல்லாம் கனவு."

ஓசூரில் இன்னும் குளிர் விடவில்லை.
குல்லாய் இப்போது காதுவரை வருவதில்லை அவருக்கு.
உள்ளே காற்று போகிறது,
வளையாமல், விரியாமல்,
நேராக.