உரிமையாளர் பெயர்

வியாழன் மாலை
கெதிரின் மருந்துக்கடைப் பின்கட்டில் கூடுவோம்.
ஒன்பது பேர், இரண்டு பெஞ்சு, ஒரு காப்பிச் சட்டி.
சென்ற கூட்டத்தின் குறிப்பை வாசிப்பது நான்.
தபால் நிலையத்தில் வேலை, கையெழுத்து திருத்தமாயிருக்கும்,
அதனால் செயலாளர்.

பள்ளிக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டினோம்,
யாரும் ஏனென்று கேட்கவில்லை.
பாலத்துக்குக் கைப்பிடி போட்டோம்,
பெயர்ப்பலகையில் எழுத்துப்பிழை என்றார்கள், அவ்வளவுதான்.
ஓநாய்க்கு என்றதும்
ஊரே சிரித்தது.

மேலே, பாலே மலையின் தலையில்,
மரம் ஏற அஞ்சும் உயரத்தில்,
ஆளைவிட நெடிய லொபீலியாக்களுக்கு நடுவே
எலி பிடித்துத் தின்னும் செந்நிற விலங்கு.
எங்கள் பேச்சில் குதிரைநரி.
ஈனப்போகும் குதிரையின் பின்னாலேயே போய்
நஞ்சுக்கொடிக்குக் காத்திருக்குமாம்.
எங்களில் ஆறு பேர் அதைப் பார்த்ததில்லை.
பார்த்த மூவரும் ஆளுக்கொரு நிறம் சொல்கிறார்கள்.

"அதைப் பிடிச்சு ஊசி போடப்போறீங்களா?"
தையல்காரர் வாக்கோ கேட்டார்.
இல்லை. நாய்க்கு.
ஆட்டோடு மேலே போகிற நம் நாய்தான்
வெறிநோயைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறது.
"அப்ப நாய்ச் சங்கம்னு பேரை மாத்துங்க."
சொல்லிவிட்டு
ஊசி போட்ட கழுத்துகளில் கட்ட
நீல நாடா முந்நூறு துண்டு
காசு வாங்காமல் நறுக்கிக் கொடுத்தார்.

மருந்து சூடாகக் கூடாது.
பனிப்பெட்டியை இருக்கைக்கு அடியில் வைத்து
பஸ் ஓட்டினார் துசே.
அந்தக் குளிரில்
மருந்தைவிட எங்கள் விரல்கள்தான் விறைத்திருந்தன.

லென்சா என்றால் சிங்கம்.
அப்படிப் பெயர் வைத்த நாய்
ஊசியைக் கண்டதும் பார்லி மூட்டைக்குப் பின்னால் போய்விட்டது.
ஹலிமோ கதவை மறித்து நின்றாள்.
போன வருடம் யாரோ ஊசி போட்டுவிட்டுப் போனார்கள்,
மறுநாள் கழுதைப்புலி வந்தபோது இவன் எழுந்திருக்கவில்லை,
நான்கு ஆடு,
அதற்கு உங்கள் சங்கம் என்ன சொல்கிறது?

கையேட்டில் அதற்குப் பதில் இல்லை.
லோமி டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.
நாய்க்குப் பதில் நாங்கள் இருக்கிறோம்.

அன்றிரவு ஹலிமோவின் பட்டியில்
குரைக்கத் தெரியாத நான்கு பேர் காவல்.
மணிக்கொருமுறை துசே எழுந்துபோய்
பஸ் ஹாரனை அடித்துவிட்டு வந்தார்.
ஆடுகள் எங்களைத்தான் பயத்தோடு பார்த்தன.
கழுதைப்புலி வரவில்லை.
விடியலில் லென்சா
நீல நாடாவோடு வந்து எங்கள் ரொட்டியைத் தின்றது.

ஒதுங்கப் போனபோது
தூரத்துச் சரிவில் ஒரு வளைக்கு எதிரே
சிவப்பாய் ஏதோ
அசையாமல் நின்றது.
குறிப்பேட்டில் நான் அதை எழுதவில்லை.
கண்ணாடி பஸ்ஸில் இருந்தது.

அடுத்த வியாழன் கணக்குப் பார்த்தோம்.
இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு நாய்.
உடைந்த குப்பி ஒன்று.
மிச்சம் ஒன்று.
அது எப்படி மிச்சம் என்று விரல்விட்டு எண்ணும்போது
வாசற்படியில் ஏதோ சொறிந்துகொண்டது.
ஐந்து வருடமாய் அங்கேயே படுத்து
எங்கள் தீர்மானங்கள் அத்தனையும் கேட்ட நாய்.
கழுத்தில் நாடா இல்லை.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.
கெதிர் ஊசியை எடுத்தார்.
கால்களைப் பிடித்த வாக்கோவின் சட்டைக்கையை
அது கவ்விக் கிழித்தது.
தோலில் பல் படவில்லை;
விளக்கடியில் நான்கு முறை பார்த்தோம்.

படிவத்தில் ஒரு சின்னக் கட்டம்:
உரிமையாளர் பெயர்.
பேனாவைத் திறந்தபடி கொஞ்சநேரம் இருந்தேன்.
"எழுதுங்க," என்றார் வாக்கோ,
கிழிசலை மேலே மடித்துவிட்டுக்கொண்டு.

ஒன்பது பெயருக்கு இடம் போதவில்லை.
ஓரத்தில் திருப்பி எழுதினேன்,
கடைசிப் பெயர்
தாளுக்குப் பின்பக்கம் போயிற்று.