வீம்புக்கு மலாயில் என்ன?

தமிழ் ஆலோசகர் வேண்டாம் என்பதில் மட்டும்
இருவருக்கும் ஒரே கருத்து.
நாளைக்கே ஏதாவது கல்யாணத்தில்
எதிர்ப் பந்தியில் உட்கார்ந்து
நம்மைப் பார்த்துச் சிரிப்பார்.

ஆகவே பட்டர்வொர்த்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு
ஃபெரியில் கடல் தாண்டி
பர்மா சாலையில் ஒரு பல் மருத்துவருக்கு மேல்மாடி.
கீழே யாருக்கோ பல் துளைக்கும் சத்தம்
எங்கள் மௌனத்துக்குள் அவ்வப்போது ஏறி வந்தது.

திருமதி குவாவுக்குத் தெரிந்த தமிழ்
ஒரே ஒரு சொல்.
கதவைத் திறந்ததும் அதைத்தான் சொன்னார்:
“சாப்டாச்சா?”
“ஆச்சு” என்றார் இவர்.
“ஆச்சு” என்றேன்.

நாற்காலி மூன்று. எது யாருக்கென்று சொல்லவில்லை.
இவர் கதவோரம், நான் ஜன்னலோரம்.
என் கைப்பையில்
பதிவு இலாகாவில் வாங்கிய பாரம், நாலாய் மடித்தது.
காகிதம்தான்.
ஆனாலும் பாரம்.

பதினோரு வருஷச் சண்டையை
மலாயில் போடச் சொன்னால்
பாதி ஆயுதம் வாசலிலேயே தங்கிவிடுகிறது.
“உங்க வீட்டுப் புத்தி” –
இதை எப்படிச் சொல்ல?
“மூஞ்சியும் முகரக்கட்டையும்” –
மூக்கா என்றால் அங்கே வெறும் முகம்தான்.
என்னைக் கேட்காமல்
இவர் அண்ணன் லோரிக்குக் கொடுத்த பன்னிரண்டாயிரம் வெள்ளி மட்டும்
எந்த மொழியிலும் பன்னிரண்டாயிரம்.
அதைச் சொன்னபோது என் குரல்
வங்கி முகப்பில் பேசுவதுபோல்
மரியாதையாய் இருந்தது. எனக்கே ஆச்சரியம்.

பணம் போனால் போகட்டும்,
தப்பு என்று ஒரு வார்த்தை வந்ததா,
எல்லாம் வீம்பு என்றேன்.
அந்த ஒன்று தமிழிலேயே விழுந்துவிட்டது.
பேனாவை நிறுத்தினார் திருமதி குவா.
“வீம்பு… அப்படியென்றால்?”

தேடினேன். வரவில்லை.
“டெகில்” என்று எடுத்துக் கொடுத்தார் இவர்,
குற்றவாளியே சாட்சி சொல்வதுபோல.
டெகில் பிள்ளைகளுக்கு, என்றேன்,
மழையில் நனைவேன் என்று அடம்பிடிப்பது.
“சோம்போங்?”
அது பணம் இருப்பவர்களுக்கு.
“கெராஸ் கெப்பாலா?”
இல்லை, அது தலையில் இல்லை,
வேறு எங்கோ.
எங்கே என்று இருவரும் யோசித்தோம்,
தொலைந்த சாவியைத் தேடுகிறவர்கள்போல
வெகுநாளைக்குப் பிறகு
ஒரே பக்கம் குனிந்து.

கடைசியில் இவர்
தன் கால்விரல்களிடம் மலாயில் சொன்னார்:
“வயிறு பசிக்கும். வீட்டில் சோறு இருக்கும்.
சாப்பிட்டாச்சு என்று சொல்லிவிட்டுப் படுப்பது.
அதுதான்.”

கீழே துளைக்கும் சத்தம் நின்றிருந்தது.

ஏழு மாதம்.
பாயான் லெப்பாசில் மாலை ஷிப்டு முடிந்து
பதினொன்றரைக்கு வந்து சேரும் மனிதருக்கு
நான் தட்டால் மூடி வைத்த சோறு
காலையில் பூனைக்கு.
மாமாக் கடையில் தின்றுவிட்டு வருகிறார் என்று
ஏழு மாதம்
பாவம் அந்தக் கடைக்காரனையும் சேர்த்து வெறுத்தேன்.

திருமதி குவா ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் கெட்டிருக்கும்.
தண்ணீர்க் குவளையை மேசையின் நடுவுக்கு நகர்த்தினார்,
அவ்வளவுதான்.
மணி முடிந்ததும், “அடுத்த வியாழன் லோரி” என்று
குறித்துக்கொண்டார்.

பன்னிரண்டாயிரம் திரும்பவில்லை.
பாரம் பையில்தான் இருக்கிறது.

திரும்பும் ஃபெரியில் உப்புக் காற்று,
பக்கத்தில் ஒரு பையன் போனில் பந்து விளையாட்டு.
கம்பியில் முழங்கை ஊன்றி
இவர் கடலைக் கேட்பதுபோல் கேட்டார்:
“நான் வர்றப்போ நீ தூங்குற மாதிரி
கண்ண மூடிக்கிறியே,
அதுக்கு மலாயில என்ன?”

தெரிந்திருக்கிறது.
ஏழு மாதமும்.

“தெரியல” என்றேன்.
“வியாழக்கிழமை கேட்போம்.”