மீதி முட்டை

படையணியின் வரலாற்றை எழுதியவர்
முட்டைகளைப் பற்றி எழுதவில்லை.
எத்தனை டன் குண்டு, எந்த நகரம், எந்த இரவு,
எல்லாம் இருக்கிறது. வாங்கிய பதக்கங்கள்கூட.

ஈனிட் கட்ஃபோர்த்தின் சமையற்கட்டு நோட்டில்
வேறொரு கணக்கு.
லிங்கன்ஷயர், ஜனவரி. ஓடுபாதையெல்லாம் உறைபனி.
பதினான்கு லங்காஸ்டர், விமானத்துக்கு ஏழு பேர்,
தொண்ணூற்றெட்டு முட்டை.
நாடே முட்டைப்பொடியைக் கரைத்துத் தின்ற குளிர்காலத்தில்
திரும்பி வருகிறவனுக்கு மட்டும்
ஓடு உடைத்த முட்டை.

விடியற்காலை நான்கு மணிக்கு
அவள் வெளியே வந்து வானம் பார்க்கமாட்டாள்.
சட்டியில் பன்றிக்கொழுப்பு உருக உருக
காதால் எண்ணுவாள்.
ஒன்பது. பத்து.
பதினொன்று இருமிக்கொண்டே இறங்கியது.
அப்புறம் பீட்ரூட் வயலில் காகங்கள்தான்.

வால்பக்கத் துப்பாக்கிக்காரன் வில்ஃப் டார்லி
மஞ்சள் கருவை முள்கரண்டியால் ஒருமுறை தொட்டான்.
"கீழே ஒரு ரொட்டிக்கடை எரிந்தது,
வாசனை வந்தது" என்றான்.
இருபதாயிரம் அடிக்கு ரொட்டி வாசனை ஏறாது.
மேசையில் எல்லோருக்கும் தெரியும்.
உப்பை நகர்த்தி வைத்தார்கள்.

மீதி இருபத்தொன்று.
இன்னொன்று வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை.
அவற்றை என்ன செய்தாள்,
நாய்க்குப் போட்டாளா, வயலில் வீசினாளா,
தானே நின்றபடி தின்றாளா,
அந்த வரி முழுக்கக் கொழுப்புக் கறை.

கறை பட்ட இடத்தில்
தாள் கண்ணாடியாகியிருக்கிறது.
அதன் வழியே
அடுத்த பக்கத்து எண் தெரிகிறது,
புது ஆட்கள் லாரியில் வந்திறங்கிய நாளின் எண்:
தொண்ணூற்றெட்டு.