வத்து

பாசையூரில் நாற்றத்தைப் பற்றி முறையிட
யாருக்கும் வாய் வராது.
வாடியில் திருக்கை காயும்,
வலைக்குள் நண்டு செத்துக் கிடக்கும்,
கடல் வத்தினால்
சேறு தன் வயிற்றைத் திறந்து காட்டும்.
ஆகவே மூன்று நாளும் நான்
கடலையே குற்றம் சொன்னேன்.

குசினி மூலையில், பத்து லீற்றர்ப் போத்தலில்
மெற்றில்டாவின் அப்பிள் சாறு.
சந்தையில் அடிபட்டதாய்ப் பொறுக்கிப் பன்னிரண்டு கிலோ,
துருவி, வெள்ளைச் சாரத்தில் கட்டிப் பிழிந்து,
வெதுப்பகத்தில் கேட்டு வாங்கிய ஈஸ்ட் ஒரு கரண்டி,
வாயில் சிவப்புப் பலூன், அதில் ஊசித்துளை ஒன்று.
நத்தாருக்கு முன் தெளியும் என்று
கொப்பியில் திகதி போட்டு எழுதியிருந்தாள்.

ஊரடங்கு வருசத்துக் காய்ச்சலோடு
அவளின் மூக்குப் போனது.
கறி அடிப்பிடித்தால் புகையைக் கண்டுதான் ஓடிவருவாள்.
சவர்க்காரம், மல்லிகை, என் வியர்வை
எல்லாம் அவளுக்கு எழுதாத கடதாசி.
விடியப்புறம் என்னைப் போத்தலின் மேல் குனியவைத்து
"இண்டைக்கு எப்பிடி மணக்குது?" என்பாள்.
முதல் நாள், வெட்டின அப்பிள்.
இரண்டாம் நாள் பாண் மா, துளி தேன்.
மூன்றாம் நாள்
கூழ்முட்டை.
"அப்பிள்" என்றேன்.

பென்சிலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்,
என்னால் முடியவில்லை.
நாலாம் நாளும் அப்பிள்.
ஐந்தாம் நாள், கொஞ்சம் துணிந்து, "பழுத்த அப்பிள்."

மதிலுக்கு அங்காலை யூஜீன்
மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டான்:
"உங்கட குழி நிரம்பிட்டுதோ?"
கேட்டவன் கருவாட்டு வியாபாரி.
"வத்துக் கடலடாப்பா" என்றேன்.
அன்று பின்னேரம் கடல் பெருகி வந்தது.
சேற்றை மூடியது, வள்ளங்களைத் தூக்கியது,
இறங்குதுறைப் படியை மூன்று தரம் நக்கியது.
எங்கள் வீட்டில் மட்டும் வத்து.

இரவு, சோற்றுக்கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னேன்.
அவள் கொப்பியைத் திறந்தாள்,
மூன்று நாளையும் குறுக்கே வெட்டினாள்.
"எனக்கு மூக்குத்தான் இல்லை, காது இருக்கு.
அதுக்குள்ளை பொய்யை ஊத்தாதேங்கோ."

பிறகு அடுப்பைப் பற்றவைத்தாள்.
"உது பழுதில்லை, பசி.
தீன் காணாட்டி ஈஸ்ட் உப்பிடித்தான் நாறும்."
இன்னொரு கரண்டி ஈஸ்ட்டைக் கொதிநீரில் கொன்று
ஆறவைத்து உள்ளே ஊற்றினாள்.
செத்ததைத் தின்று மற்றது எழும்பும் என்றாள்.
நான் தட்டை எண்ணிக்கொண்டிருந்தேன், பதில் சொல்லவில்லை.

யன்னல் எல்லாம் திறந்து
வாளியிலிருந்து வாளிக்கு, தேத்தண்ணி ஆற்றுவதுபோல்
உயரத் தூக்கி ஊற்றினோம்.
எனக்குக் கண் எரிந்தது, அவளுக்கு ஒன்றுமில்லை;
சந்தோசமாய் ஊற்றினாள்.
பழைய மின்விசிறியின் வயரை உரித்தேன்.
தேசிக்காய் போட்டுத் துலக்கிய செம்புக்கம்பியால்
அவள் மெல்லக் கிண்டினாள்.
வெளியே எடுத்தபோது
கம்பி கறுத்திருந்தது.

விளக்கடியில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இதுவோ?"
"இதுதான்."
"இவ்வளவுமோ?"
இத்தனை வருசத்தில் முதல்தரம்
ஒரு மணத்தைக் கண்ணால் கண்டவளின் முகம்.

அதன் பிறகு நான் ஏமாற்றவில்லை.
ஈரச் சாக்கு, என்றேன். எழுதினாள்.
அணைத்த நெருப்புக்குச்சி. எழுதினாள்.
பதினோராம் நாள் கனநேரம் யோசித்து
"மழைக்குப் பிறகு பள்ளிக்கூட வாங்கு" என்றேன்;
நிமிர்ந்து பார்த்துவிட்டு அதையும் எழுதினாள்.

நத்தாருக்குத் தெளியவில்லை.
புளித்தது. யூஜீன் இரண்டு கிளாஸ் குடித்து
வினாகிரி என்று சொல்லிவிட்டு
மூன்றாவதற்குக் கிளாஸை நீட்டினான்.

கம்பி கலண்டர் ஆணியில் தொங்குகிறது.
நேற்றுப் படுக்கும்போது கேட்டாள்:
"என்னிலை என்ன மணக்குது?"
"உள்ளி" என்றேன். "டெற்றோல்.
கழுத்தடியில் கொஞ்சம் அப்பிள்."
"கழுத்தடியில் உண்மையாவோ?"
"இல்லை. உள்ளியும் டெற்றோலும்தான்."
இருட்டுக்குள்ளேயே
பென்சிலைத் தடவினாள்.