கீல்

இரும்புக் கதவுக்குக் கீல் அடிக்கிற பட்டறை என்னுடையது,
ராணிப்பேட்டையில், சிப்காட் போகிற ரோட்டில்.
ஒரு சித்திரை வெயிலில் மொய்னுத்தீன் வந்தார்,
மேல்விஷாரம் தோல் மண்டியில் கணக்கு எழுதுகிறவர்.
பாய்மரத்துக்குக் கீல் வேண்டுமாம்.

பாலாற்றில் அன்று மாடுகள் குறுக்கே நடந்துகொண்டிருந்தன.
தண்ணி எங்கே சார் என்றேன்.
வரும் என்றார்.
முன்பணம் ஐந்நூறு.

பில் புத்தகத்தின் முதுகில் காவேரிப்பாக்கம் ஏரியை வரைந்தார்.
தெற்கு மூலையில் ஒரு கோடு:
கரண்ட் கம்பி.
ஏரி ஏற ஏற கம்பி தாழும்.
மரமோ அலுமினியக் குழாய், பதினாறு அடி.
"மடிந்தால் மடிய மாட்டோம்" என்றார்,
கணக்கு டேலியான முகத்தோடு.

கதவு பக்கவாட்டில் போகும்.
இது மல்லாந்து படுக்கவேண்டும்.
எட்டு எம்.எம். தகடு இரண்டு,
மேலே சுழல ஒரு போல்ட்,
கீழே உருவ ஒரு முளை.
மூன்று முறை அறுத்து மூன்று முறை ஒட்டினேன்.
கடைசியில் ரெட் ஆக்சைடு இரண்டு கோட்,
அழகுக்கு.

ஐப்பசியில் பொன்னை ஆறு புரண்டது.
பாலாறு வந்தது, ஏரி நிறைந்தது.
போன் வந்தது.

ஷட்டரை இறக்கிவிட்டு மொபெட்டில் போனேன்.
பாய், பழைய பேனர்:
யாரோ ஒரு மாப்பிள்ளையின் பாதி முகம்,
"வருகை தரும் அனைவரையும்" வரைக்கும்.
காற்று அவன் கன்னத்தை ஊதிப் பெரிதாக்கியது.
நடு ஏரியில் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அப்புறம் கம்பி.

முன்கயிற்றைத் தளர்த்திவிட்டார்.
"முளையை எடும்மா."
வரவில்லை.
துளைக்குள்ளும் பெயிண்ட் அடித்தவள் நான்.
படகுக்கு அதெல்லாம் தெரியாது, போய்க்கொண்டே இருந்தது.
கம்பியில் ஒரு இரட்டைவால் குருவி,
அதன் வயிற்றுச் சாம்பல்கூடத் தெரிகிற தூரம்.
மொய்னுத்தீன் உதடு எதையோ ஓதியது.
நான் ஸ்பேனரைத் திருப்பிப் பிடித்து
என் வேலையை நானே அடித்தேன்.
ஒன்று.
இரண்டு.

மூன்றாவதில் முளை பறந்து தண்ணிக்குள் போனது.
மரம் தயங்கியது,
பிறகு கதவு சாத்துவதுபோல்
மெள்ள வந்து எங்கள் மடியில் படுத்தது.
மாப்பிள்ளையின் கன்னம் என் தலைமேல்.

உள்ளே நீல இருட்டு.
மேலே கம்பி முனகிக்கொண்டு கடந்தது.
நாங்கள் பேசவில்லை.

மறுபக்கம் மரத்தை நிமிர்த்தினார்.
முளை இல்லை. ஸ்பேனர் பிடியைச் சொருகினேன்,
கச்சிதமாக நின்றது.
மீதிப் பணத்தை அவரும் எடுக்கவில்லை,
நானும் கேட்கவில்லை.
கரை வருகிற வரைக்கும்
மொபெட் சாவியால் துளையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.
நகமெல்லாம் சிவப்பு.